கணக்கு மார்க் யாருக்குச் சொந்தம்?

போன செவ்வாய்க்கிழமை காலை. தோசை திருப்பிக்கொண்டிருக்கிறேன்... போன். எடுத்தால் தேசம்மா.

"மேடம், ரிசல்ட்டு வந்துருச்சு. வினோதினி பாஸு!"

தோசைக் கரண்டியோடு ஒரு குதி குதித்தேன். முட்டி அப்போதே கண்டனம் தெரிவித்தது. அதையெல்லாம் பார்க்க முடியுமா? "கணக்கு? கணக்குல எவ்வளவு?" என்றேன்.

"அறுபத்தெட்டு."

"அடி சக்கை!"

"அதான் மேடம் பிரச்சினையே. கணக்கு மார்க்கு யாருதுன்னு இங்க ஒரே சண்டை. ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டுக்கிறாங்க. நீங்கதான் சாட்சி. வந்துருங்க."

வைத்துவிட்டாள். தோசை கருகிவிட்டது.

மார்க் யாருடையது என்று ஒரு சண்டையா? பரீட்சை எழுதின பெண்ணுடையதுதானே? – இப்படி நீங்கள் கேட்பீர்கள். மார்ச் மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். மார்ச்சில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் ஒரு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போன குற்றத்துக்காக நான் ஊர்க் கூட்டத்தில் நிற்க நேர்ந்த கதை உங்களுக்குப் புரியும்.

தேசம்மா எனக்கு இறால் ஊறுகாயால் கிடைத்த சிநேகிதி. ஒரு கண்காட்சியில் மகளிர் சுய உதவிக் குழு ஸ்டால் போட்டிருந்தாள். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தேன். "மோந்தா மட்டும் போதுமா, துன்னு பாருங்க" என்று ஒரு இறாலை உள்ளங்கையில் வைத்தாள். அன்றிலிருந்து நாங்கள் நெருக்கம். "என்னைய வாங்க போங்கன்னு சொன்னா வேற யாரையோ கூப்பிடற மாரி இருக்குது" என்று அவளே சொன்னதால்தான் இங்கே 'அவள்' என்று எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

ஊர், பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த தடவை எனக்கு ஊறுகாய் கிடைக்காது.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி கிடைக்காது. நல்ல இடத்துக்கு எல்லோரும் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மண்டைதான் உடையும். அதனால் ஊர் கூடி, சீட்டுக் குலுக்கி, எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று முறை வைத்துவிடுவார்கள். அதற்குப் பேர் பாடு. இன்றைக்கு உன் பாடு என்றால் அந்த இடம் இன்றைக்கு உன்னுடையது. அண்ணன் தம்பி ஆனாலும் கிட்டே வரக் கூடாது. கிடைத்ததெல்லாம் உனக்கு. எங்கே கொண்டுபோய் விற்பது என்பதும் உன் இஷ்டம். ஒன்றுமே கிடைக்கவில்லையா? யாரையும் கேட்க முடியாது. பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியதுதான்.

ஏரியில் ஆண்கள் வைத்திருந்த இந்தப் பாடு முறையை, தேசம்மாவும் அவள் குழுவும் அப்படியே தூக்கிப் பிள்ளைகள் மேல் போட்டுவிட்டார்கள்.

காரணம்? சாயங்காலம் ஆனால் ஊரில் ஒரு பிள்ளையும் புத்தகத்தைத் தொடுவதில்லை. அம்மாக்களுக்கு வலையில் சிக்கின நண்டைக் கழற்ற வேண்டும், கருவாட்டைப் புரட்ட வேண்டும், விடிவதற்குள் மார்க்கெட்டுக்கு ஓட வேண்டும். தினம் தினம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்க யாருக்கு நேரம்? தவிர, இன்னொரு சிக்கல். அதைத் தேசம்மாவே சொல்லட்டும்.

"பெத்தவ மெரட்டுனா படிக்காது மேடம். மூஞ்சியத் தொங்கப் போட்டுச்சுன்னா பெத்தவளுக்கு மனசு எளகிப்பூடும். அடுத்தவ புள்ளைன்னா இன்னாத்துக்கு எளகுது?"

ஆக, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து மறுநாள் மணி அடிக்கிற வரைக்கும் குப்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஒரு பெண்ணுக்குச் சொந்தம். யாருக்கு என்பதைச் சீட்டு சொல்லும். புயல் வந்தால் தங்குவதற்குக் கட்டின கட்டடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் படிக்க வைப்பது அவள் பொறுப்பு. திட்டுவது, தட்டிக் கொடுப்பது, சுண்டல் கொடுப்பது, டிவியை நிறுத்துவது – எல்லாம் அவள் அதிகாரம். பெற்ற தாயே வந்தாலும் வாசலோடு சரி.

அப்பாக்கள் பாடு? கேட்காதீர்கள். ஒருவர் தன் மகனைப் பீடி வாங்கி வர அனுப்பியிருக்கிறார். அன்றைக்குப் பாடு இருந்த அம்மா தெருவில் இறங்கிவிட்டாள்.

"எம்புள்ளய யாரக் கேட்டுக் கடைக்கு அனுப்புன நீ?"

"இது எம்புள்ளம்மா!"

"நாளைக்கு உம்புள்ள. இன்னிக்கு எம்புள்ள."

மனுஷன் தானே எழுந்து போய் பீடி வாங்கிக்கொண்டார். நன்றாக வேண்டும்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ஊர்மேல் ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. தேசம்மா 'எங்க குழுல வந்து பேசுங்க' என்றபோது உடனே ஒப்புக்கொண்டேன். தலைப்பு – 'பிள்ளைகளிடம் படிப்பு ஆர்வத்தை வளர்ப்பது எப்படி?' அவர்களுக்குப் போய் நான் சொல்லிக் கொடுக்கிறேனாம்! ஆனாலும் விடவில்லை. பேப்பரில் நாலு பக்கம் எழுதி, மின்சார ரயிலில் அனுப்பம்பட்டு தாண்டுகிற வரைக்கும் மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்குள் நுழைந்தால்... தேசம்மா வாசல்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னா மேடம், இன்னிக்குன்னு பாத்து வந்துக்கிறீங்க..."

நீதானேம்மா வரச் சொன்னாய்?

விஷயம் இதுதான். தேசம்மாவின் ஒரே மகள் வினோதினி பத்தாவது. மறுநாள் கணக்குப் பரீட்சை. மற்ற பாடமெல்லாம் தேறிவிடுவாள். கணக்கு மட்டும் வராது. வராது என்றும் சொல்ல முடியாது – வீட்டில் போடுவாள், பேப்பரைக் கண்டால் கை நடுங்கும். அரையாண்டில் பெயில். திருப்புதல் தேர்விலும் பெயில். அவள் அப்பா முனுசாமி தெளிவாகச் சொல்லிவிட்டார், பெயிலானால் நண்டுச் சதை எடுக்கிற கம்பெனி வேனில் ஏற்றிவிடுவதாக. பக்கத்து வீட்டுப் பெண் ஏற்கெனவே அந்த வேனில்தான் போகிறாள். விரல் நுனியெல்லாம் கீறல்.

"எம் பொண்ணு அந்த வேன்ல ஏறக் கூடாது மேடம்" என்றாள் தேசம்மா. கண் கலங்கியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சரி, பரீட்சைதானே, படிக்க வைத்தால் போச்சு?

அங்கேதான் வில்லங்கம். பத்தாவது பிள்ளைகளுக்குத் தனி விதி. பொதுத்தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து, அன்றைக்குப் பாடு யாருக்கோ அவள் வீட்டில்தான் இருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேயே. சீட்டுக் குலுக்கினபோது பரீட்சைத் தேதி வரவில்லை. தேதி வந்தபின் பார்த்தால், கணக்குக்கு முந்தின நாள் விழுந்திருந்தது... கஸ்தூரிக்கு.

கஸ்தூரி யார்? தேசம்மாவின் ஓரகத்தி. முனுசாமியின் தம்பி மனைவி. எதிர் வீடு. இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

சொத்துத் தகராறா? இல்லை. வலைத் தகராறா? அதுவும் இல்லை. ஒரு வளைகாப்பில் தேசம்மா நண்டுக் குழம்பு வைத்தாள். கஸ்தூரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "புளி கொஞ்சம் தூக்கல்" என்றாள். அவ்வளவுதான்!

சிரிக்காதீர்கள். எங்கள் அபார்ட்மெண்டில் ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்துக்காகப் பதினேழு வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. அதற்கு இந்தப் புளி எவ்வளவோ மேல்.

"சீட்டை மாத்திக்கக் கூடாதா?" என்றேன்.

தேசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். போன மாதம் ஒரு பெண், தம்பி கல்யாணம் என்று தன் நாளை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள். "பாடுன்னா பாடுதான். அழுதாலும் மாறாது" என்று நடுக்கூட்டத்தில் முழங்கியது வேறு யாரும் அல்ல – குழுத் தலைவி தேசம்மா.

இதற்கு மேல் ஒன்று. அன்றைக்குக் கஸ்தூரி வீட்டில் சின்னவனுக்குக் காதுகுத்து! காலையில் கோயிலில் குத்தியாகிவிட்டது. சாயங்காலம் விருந்து. கஸ்தூரியின் தம்பி, தாய்மாமன் மரியாதைக்குக் குறை வரக் கூடாது என்று பொன்னேரியிலிருந்து சவுண்டு செட் இறக்கியிருந்தான். நான் போகும்போதே கரண்ட் கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாய் சரியாகத் தேசம்மா வீட்டைப் பார்த்து இருந்தது.

"வோணும்னே பண்றா மேடம். எம் பொண்ணு பெயிலாவணும். அதான் அவளுக்கு வோணும்."

மத்தியானம் வினோதினி புத்தகப் பையோடு தெருவைத் தாண்டினாள். இருபது அடி அகலத் தெரு. தேசம்மா மகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். என் நாலு பக்கப் பேச்சைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நாலு மணிக்கு என் கையில் ஒரு டிபன் கேரியர் வந்தது.

"நீங்க வெளியாளு மேடம். எங்க பாடு கட்டுப்பாடு உங்களுக்கு இல்ல. நண்டுக் கொழம்பு வச்சிக்கிறேன். அதுக்கு உசுரு. யாருக்கும் தெரியாம குடுத்துட்டு, படிக்குதான்னு பாத்துட்டு வாங்க."

எனக்கு இந்த மாதிரி ரகசிய வேலையெல்லாம் வராது. சின்ன வயதில் கண்ணாமூச்சியிலேயே முதல் ஆளாக மாட்டுவேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கேரியரைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போனேன். மூன்று அடுக்குக் கேரியரைத் தலைப்பில் மறைத்தால் எப்படி இருக்கும்? ஊரே பார்த்தது.

கஸ்தூரி வாசலிலேயே நின்றிருந்தாள். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல்.

"போனக் குடுங்க."

"எதுக்கு?"

"பத்தாவது புள்ளைங்க இருக்கிற வூடு. போன் உள்ள வரக் கூடாது." பக்கத்தில் மீன் வைக்கிற ஐஸ் பெட்டி. திறந்தால் உள்ளே ஏகப்பட்ட போன்கள்! காதுகுத்துக்கு வந்த விருந்தாளி ஒருத்தரையும் விடவில்லை. என்னுடையதும் உள்ளே போயிற்று. ஒரு வாரம் என் காதில் கெளுத்தி வாடை அடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அது இன்னா, தலப்புல?"

மாட்டிக்கொண்டேன். கேரியரை வாங்கினாள். திறந்தாள். மோந்தாள். யார் சமையல் என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை.

"பரீட்சைக்கு மொத நாளு யாராச்சும் நண்டு குடுப்பாங்களா? வயித்தக் கலக்குனா புள்ள பரீட்ச எழுதுமா, ஓடுமா? அதுக்கு ரசம் சோறு வச்சிக்கிறேன்" என்றவள், ஒரு விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"புளி தூக்கல்."

மறுபடியும் தொட்டாள். "ஆமா. தூக்கல்தான்." ஒரு நண்டுக் காலை எடுத்துக் கடித்தாள். "நெசமாவே தூக்கல்." என் கண் முன்னாலேயே, திண்டாடித் திண்டாடி, மூன்று அடுக்கையும் முடித்தாள். கடைசியில் விரலால் வழித்தும் ஆயிற்று. பந்தலில் மட்டன் பிரியாணி வெந்துகொண்டிருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

கழுவின கேரியர் என் கைக்கு வந்தது. "போய்ச் சொல்லுங்க. புளி தூக்கல்னு."

நான் சொல்லவில்லை. "குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லையே? கொடுத்துவிட்டுத்தானே வந்தேன்!

ஆறு மணி. 'மைக் டெஸ்டிங்... ஒன் டூ த்ரீ...' ஸ்பீக்கர் கரகரத்தது.

தேசம்மா தீப்பட்ட மாதிரி எழுந்தாள். "பாத்தீங்களா மேடம்! சொன்னேனில்ல! பாட்டு போட்டு எம் பொண்ணக் கெடுக்கிறா!" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கப் போனவளை நான் இடுப்போடு பிடித்துக்கொண்டேன். இறங்கினால் பாடு மீறின குற்றம். தலைவியே மீறினால் நாளைக்கு ஒரு பெண்ணும் மதிக்க மாட்டாள்.

அப்போது ஸ்பீக்கரில் ஒரு குரல்.

"ஒரு கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து... இரு படகுகளைப் பார்க்கும்போது..."

தேசம்மா நின்றுவிட்டாள்.

"வினோதினியா இது?"

வினோதினியேதான். பின்னால் எனக்குத் தெரிந்த கதை: கஸ்தூரிக்கும் அவள் தம்பிக்கும் மத்தியானத்திலிருந்து ரகளை. செட் ஓடக் கூடாது என்று இவள். வாடகைக்கு எடுத்த செட் ஓடாவிட்டால் நாலு ஊரில் தன் மானம் போய்விடும் என்று அவன். "மாமன் செய்முற, செட்டு ஓடியே ஆவணும்!" கடைசியில் கஸ்தூரி சொல்லியிருக்கிறாள்: "செட்டு ஓடணும், அவ்ளோதானே? ஓடட்டும். ஆனா பாட்டு கெடையாது. கணக்கு."

நான் போனை வாங்குகிற சாக்கில் ஓடினேன். பார்க்க வேண்டுமே அந்தக் காட்சியை! பந்தலில் பிரியாணி சாப்பிட்ட விருந்தாளிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் கரும்பலகை. பத்தாவது படிக்கிற மூன்று பேரும் மாறி மாறி மைக்கில் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். போட்டால் மட்டும் போதாது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அது கஸ்தூரி உத்தரவு.

மீனவர் பந்தலில் படகுக் கணக்கைப் போட்டால் சும்மா இருப்பார்களா?

"அந்த ரெண்டு போட்டும் யாருது?" – ஒருவர்.

"இன்ஜின் போட்டா, பாயா?" – இன்னொருவர்.

"காத்து எங்கேர்ந்து அடிக்குது? வாடைன்னா ரெண்டுக்கும் நடுவுல அவ்ளோ தூரம் வராதே!"

வினோதினி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "காத்தே இல்ல மாமா! கணக்குல காத்து கெடையாது! ரெண்டு போட்டும் நிக்குது!" என்றாள்.

"நங்கூரம் போட்டுக்கிறாங்களா?"

"போட்டுக்கிறாங்க!"

"அத மொதல்லயே சொல்றதில்ல?" என்று அவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

தாய்மாமன் எழுந்தான். செட்டுக்குச் சொந்தக்காரன் என்ற தோரணையில், "மைனஸையும் மைனஸையும் பெருக்கினா எப்டிமா பிளஸ்ஸாவும்? இஸ்கூல்லயே எனக்கு இது வெளங்கல. அதான் உட்டுட்டு ஓடியாந்துட்டேன்" என்றான்.

வினோதினி கொஞ்சம் யோசித்தாள். "நீங்க காதுகுத்துக்கு வரமாட்டீங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. அது பொய்யின்னு நான் சொல்றேன். அப்போ நீங்க வரீங்க. அதான் மாமா."

பந்தலே கை தட்டியது. மாமன் விசில் அடித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம், தன் வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தேசம்மா நிற்கிறாள். கன்னமெல்லாம் ஈரம்.

"எம் பொண்ணு குரலு இவ்ளோ பெருசா மேடம்?" என்றாள் நான் போனதும். "வூட்ல எது கேட்டாலும் 'ம்'னுதானே சொல்லும்..."

வீட்டில் அவளிடம் தினம் ஒரே கேள்விதான் – 'போட்டியா? வந்துச்சா?' கேட்டது தப்பா? இல்லை. வேன் பயம், தாய்க்கு இருக்காதா? ஆனால் அந்தப் பயம் அந்தப் பெண்ணின் கைக்குப் போய்விட்டது. கஸ்தூரி வீட்டில் ஒருத்தரும் அவளை நினைத்துப் பயப்படவில்லை. நங்கூரம் போட்டாச்சா என்று மட்டும்தான் கேட்டார்கள்!

மறுநாள் பேப்பரில் அந்தப் படகுக் கணக்கு வந்ததா? வரவில்லை. இது ஒன்றும் சினிமா இல்லையே. ஆனால் கை நடுங்கவில்லையாம்.

இப்போது மறுபடியும் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

கூட்டம் அந்தப் புயல் கட்டடத்தில். ஒரு பக்கம் குழுப் பெண்கள். இன்னொரு பக்கம் முனுசாமி, சில ஆண்கள், ஊர்ப் பெரியவர்கள் இருவர். நான் ரயிலில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்: ஓரகத்திகள் இரண்டு பேரும் மார்க்கைப் பங்கு போடச் சண்டை போடுகிறார்கள், என்ன ஆனாலும் நான் தேசம்மா பக்கம்.

கஸ்தூரி எழுந்தாள். "கணக்குக்கு மொத நாளு பாடு என்னுது. அதுல வந்த அறுபத்தெட்டும் என்னுது. ஏரியில புடிச்ச மீன எங்க விக்கணும்னு வல போட்டவன்தானே சொல்லணும்? நான் சொல்றேன். எங் கணக்கு பொன்னேரிக்குப் போவுது. பதினொன்னாவது. கணக்கு குரூப்பு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டை ஓரகத்திகளுக்குள் இல்லை!

முனுசாமி எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். "பாஸாயிட்டா. சந்தோசம். வேன்லல்லாம் ஏத்தல. ஆனா இதோட நிப்பாட்டிக்கலாம். பொட்டப்புள்ள தெனம் பொன்னேரிக்கு பஸ்ஸேறிப் போயிட்டு வர்றது எனக்கு ஒத்து வராது." பிறகு தன் தம்பி மனைவியைப் பார்க்காமல் பெரியவர்களைப் பார்த்துச் சொன்னார்: "பாடு அவங்களுதுன்னா இருக்கட்டும். அன்னிக்கு எங்க வூட்லேர்ந்து நண்டுக் கொழம்பு போச்சு. ஊரே பாத்துக்குது. எங்க சோறு துன்னுதான் புள்ள எழுதுச்சு. அப்போ அந்தக் கணக்குல எனக்கும் பங்கு கீது. எம் பங்கு எங்கியும் போவாது."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தர் பாடு நடக்கும்போது இன்னொருத்தர் வலையும் விழுந்திருந்தால் அவருக்கும் பங்கு உண்டாம்.

வழக்கில் இருக்கிற பிள்ளையின் பேச்சு சாட்சி ஆகாதாம்; எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தேசம்மாவும் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்த கெஞ்சல்... மகளின் மார்க்கில் தனக்குப் பங்கே இருக்கக் கூடாது என்று ஒரு தாய் வேண்டிக்கொண்டு நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"டிபன் கொண்டுபோனீங்களாம்மா?" – பெரியவர்.

"கொண்டுபோனேன்."

தேசம்மா முகம் விழுந்துவிட்டது.

"ஆனா வினோதினி சாப்பிடலை. ஒரு வாய்கூட. கஸ்தூரிதான் சாப்பிட்டாங்க."

"ருசி பாத்தாங்களா?"

"மூணு அடுக்கும். வழிச்சு."

கட்டடமே சிரித்தது. கஸ்தூரி கூரையில் ஏதோ பல்லி தேடினாள். தேசம்மா மெதுவாகத் திரும்பினாள். பல வருஷத்துக்குப் பிறகு ஓரகத்தியிடம் அவள் பேசின முதல் வார்த்தை இது:

"வழிச்சா?"

பெரியவர் இருமினார். "அப்போ கணக்குல வேற வல விழல. கணக்கு கஸ்தூரிது."

அவர் முடிக்கவில்லை, பின்னால் ஒரு பெண் எழுந்தாள். "தமிழு என் பாடு. தமிழும் பொன்னேரிக்குப் போவுது." அடுத்தவள்: "இங்கிலீசு என்னுது. பொன்னேரி." இன்னொருத்தி, தம்பி கல்யாணத்துக்குச் சீட்டு மாற்றக் கேட்டவளாம், "அறிவியலு. பொன்னேரி" என்று சொல்லிவிட்டு உட்காராமலே நின்றாள்.

கடைசியாகத் தேசம்மா எழுந்தாள். புருஷனை நேராகப் பார்த்தாள்.

"எம் பாடு சோசியலு ஒண்ணுதான். நமக்குப் பங்கு அதுல மட்டும்தான். உனக்கு வோணும்னா அத வூட்ல வச்சிக்கோ. மீதி நாலும் இஸ்கூல் தொறந்தவுடனே பஸ்ஸேறுது."

முனுசாமி பெரியவர்களைப் பார்த்தார். அவர்கள் என்ன செய்வார்கள்? ஆயுள் முழுக்க அதே சட்டத்தில் வலை போட்டவர்கள். மகளைப் பார்த்தார். வினோதினி 'ம்' சொல்லவில்லை. "நைனா, மொத நாளு நீயும் கூட வா. பஸ்ஸப் பாத்துக்கோ. அப்புறம் பயம் போயிடும்" என்றாள். மைக்கே தேவைப்படாத குரலில். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "எத்தினி மணி பஸ்ஸு?" என்றார்.

என் பெண் பத்தாவது எழுதின வருஷம் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அவளும் நானும் இரண்டு பேரும் தனியாகப் பயந்துகொண்டிருந்தோம். பக்கத்து வீட்டில் யாருக்கும் என்ன பாடம் என்றுகூடத் தெரியாது. ஒரு பிள்ளையின் பரீட்சையை ஒரு ஊரே எழுதலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

கூட்டம் முடிந்ததும் தேசம்மா வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு மணி நேரத்தில் அதே டிபன் கேரியர் ரெடி. நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. தானே தூக்கிக்கொண்டு, தலைப்பில் மறைக்காமல், தெருவைத் தாண்டிப் போய் எதிர் வீட்டுப் படியேறினாள்.

"இந்தா. புளி எப்டி கீதுன்னு பாத்துச் சொல்லு."

"தூக்கல்தான்க்கா" என்றது உள்ளேயிருந்து வந்த குரல், வாய் நிறைய நண்டோடு.

சாட்சி சொன்னவளுக்கு ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்கவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்!